ஆறாவது வரலாறு, வாட்ஸ்அப் மனு, எச்-1பி: டெக்சஸுக்குப் புதுசா வந்தவங்க எந்தக் கதவைத் தட்டணும்?

கேள்வி:
சென்னையில இருந்து ஆஸ்டின் பக்கம் வந்து மூணு மாசம் ஆகுது. எச்-1பி வேலை விசா. பையன் ஆறாவது. "வரலாற்றுப் பாடத்தை மாத்தப் போறாங்க, எல்லாரும் ஸ்கூல் போர்டு மீட்டிங்குக்கு வாங்க"ன்னு அபார்ட்மென்ட் குரூப்புல தினமும் மெசேஜ். ஒரு மனுவும் சுத்துது, கையெழுத்து கேக்குறாங்க. நாங்க போய்ப் பேசலாமா? யார் சொல்றதை நம்புறது?

பதில்:
போகலாம் தம்பி, பேசலாம். மைக்கைப் பிடிக்க யாரும் பாஸ்போர்ட் கேக்கப் போறதில்ல. ஆனா எந்தக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நான் தப்பான கதவைத் தட்டிட்டு வந்தவ.

எங்க மூத்தவ ஆறாவது படிக்கிறப்போ ஒரு ஒர்க்ஷீட் கொண்டு வந்தா. ஒரு முக்கோணம். உச்சியில பிராமணர், அதுக்குக் கீழ அடுக்கடுக்கா மத்தவங்க, கோட்டுக்கு வெளியே தலித். பக்கத்து சீட் பையன் "இதுல நீ எந்த அடுக்கு?"ன்னு கேட்டிருக்கான். ராத்திரி சாப்பாட்டு மேஜையில அதே கேள்வியை எங்ககிட்ட கேட்டா. அவரு என்னைப் பார்த்தாரு, நான் தோசைக்கல்லைப் பார்த்தேன்.

கோவத்துல நேரா எங்க பள்ளி மாவட்ட போர்டு மீட்டிங்குக்குப் போயிட்டேன். வாசல்ல ஒரு தாள்: பேரு, முகவரி, எதைப் பத்திப் பேசப் போறீங்க. ரெண்டு நிமிஷம் கொடுத்தாங்க. மைக் பக்கத்துல ஒரு குட்டி விளக்கு, பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் மூணு பக்கம் எழுதிக்கிட்டுப் போயிருந்தேன். யாரு, எந்த ஊரு, எப்ப வந்தோம்னு ஆரம்பிச்சு முக்கோணத்துக்கு வர்றதுக்குள்ள மஞ்சள் எரியுது. சிவப்பு எரிஞ்சதும் மேடையில இருந்த ஏழு பேருல ஒருத்தர் நன்றின்னாரு, அடுத்தவரைக் கூப்பிட்டாங்க. ஒரு பதில் இல்ல. நம்ம நிறத்தைப் பார்த்துத்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டேன். பிற்பாடுதான் தெரிஞ்சது: அஜெண்டாவுல இல்லாத விஷயத்தை அங்க வச்சு அவங்க விவாதிக்கவே கூடாது, அது டெக்சஸ் சட்டம்.

வெளியில வந்தப்போ ஒரு டிரஸ்டி அம்மா, அதாவது அந்த போர்டு உறுப்பினர், பின்னாடியே வந்து, "ஆறாவதுல என்ன இருக்கணும்னு முடிவு பண்றது நாங்க இல்ல, மாநில போர்டு. அந்தத் தாள் டீச்சர் போட்டதா இருக்கும். அவங்களைப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டாங்க. பார்க்கல. அது எனக்குத் தோணவே இல்ல.

மறுவாரம் டீச்சரைப் பார்த்தேன். நெட்ல இருந்து எடுத்த தாளாம் அது. சாதியே கிடையாதுன்னு சொல்ல நான் போகல. எங்க அப்பா ஊரு டீக்கடையில ரெட்டை டம்ளர் இருந்ததை என் கண்ணால பார்த்திருக்கேன். அதையே அவங்ககிட்ட சொன்னேன், கூடவே அம்பேத்கரைப் பத்தியும் 1950ல வந்த அரசியலமைப்பைப் பத்தியும். அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, தன் பாட்டி காலத்துல இதே ஊர்ல வெள்ளைக்காரங்களுக்கு ஒரு குழாய், கறுப்பருக்கு ஒரு குழாய்னு இருந்த கதையைச் சொன்னாங்க. அடுத்த வருஷம் முக்கோணம் இருந்தது, ஆனா தனியா இல்ல, ரெண்டு கதையும் சேர்ந்து இருந்துச்சு. எனக்கு அது போதும்னு பட்டுது.

இப்போ உங்க குரூப் விஷயம். வரலாற்றுச் சண்டையில பெருசு எல்லாம் மாநிலக் கல்வி போர்டுலதான் நடக்குது. 15 பேர், நாலு வருஷப் பதவி, கட்சிச் சின்னத்தோட தேர்தல். 50 லட்சத்துக்கு மேல பிள்ளைங்க படிக்கிற மாநிலம், அதனால புத்தகக் கம்பெனிகளும் இவங்க என்ன சொல்றாங்கன்னு காத்துக்கிட்டிருக்கும். 2010ல நடந்த கூத்து பிரசித்தம். போர்டுல இருந்த பழமைவாத அணிக்கு முன்னால நின்னவர் டான் மெக்லீராய், தொழில் பல் வைத்தியம். உலக வரலாற்றுல அறிவொளிக் காலச் சிந்தனையாளர் பட்டியல்ல இருந்து அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதின தாமஸ் ஜெஃபர்சனையே மார்ச் மாசம் எடுத்துட்டாங்க. நாடே சிரிச்சது, மே மாசம் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. கடைசி ஓட்டு 9-5. மெக்லீராய் அதுக்குள்ள கட்சிக்குள்ள நடந்த வேட்பாளர் தேர்தல்லயே தோத்துட்டாரு, ஆனாலும் பதவிக்காலம் முடியாததால உட்கார்ந்து ஓட்டுப் போட்டாரு.

அந்த வருஷத்துப் பாடத்திட்டத்துல அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் வரிசையா வரும்: பிராந்திய உணர்வு, மாநில உரிமை, அப்புறம் மூணாவதா அடிமை முறை. அடிமை முறை பரவுனதுதான் மையக் காரணம்னு எழுத 2018 வரை ஆச்சு. அதே 2018ல ஹெலன் கெல்லரையும் ஹிலாரி கிளின்டனையும் செப்டம்பர்ல நீக்கி, நவம்பர்ல சேர்த்தாங்க. இதுல நம்ம மாதிரி ஆளுங்க கத்துக்க வேண்டியது ஒண்ணு. முதல் ஓட்டு முடிஞ்சதும் குரூப்புல "எல்லாம் போச்சு"ன்னு வரும். கடைசி ஓட்டு ரெண்டு மாசம் கழிச்சு. நடுவுலதான் பேச இடம்.

ஒத்த ஆளு என்ன பண்ண முடியும்னு கேக்காதீங்க. 2015ல, ஹூஸ்டன் மீனாட்சி கோயில் இருக்கே, அதே பியர்லாண்ட்ல ஒரு பையன் தன் புவியியல் புத்தகத்துல ஒரு வரியைப் படம் பிடிச்சு அம்மாவுக்கு அனுப்பினான். அட்லாண்டிக் அடிமை வணிகம் ஆப்பிரிக்காவுல இருந்து லட்சக்கணக்குல "தொழிலாளர்களை" கொண்டு வந்துச்சுன்னு இருந்தது. அந்த அம்மா அதை இணையத்துல போட்டாங்க. மெக்ரா-ஹில் கம்பெனி மன்னிப்புக் கேட்டு வாசகத்தை மாத்துச்சு. மீட்டிங்கும் இல்ல, மைக்கும் இல்ல.

மாவட்ட டிரஸ்டிங்க கையில இருக்கிறது வேற: சூப்பரின்டென்டென்ட் (மாவட்டப் பள்ளிகளுக்குத் தலைமை அதிகாரி) நியமனம், சொத்து வரி விகிதம், எந்தத் தெரு எந்தப் பள்ளிக்குப் போகும்னு கோடு போடுறது, நூலகப் புத்தகம், எந்தப் பாடப்பொருளை வாங்கலாம்கிறது. சம்பளம் கிடையாது. ஓட்டுச் சீட்டுல கட்சிப் பேரும் இருக்காது. அதுக்காகக் கட்சி இல்லைன்னு நினைச்சுடாதீங்க. 2022ல டாலஸ்-ஃபோர்ட் வொர்த் பக்கம் நாலு மாவட்டங்கள்ல ஒரு செல்போன் கம்பெனியோட அரசியல் குழு 11 பேரை ஆதரிச்சுது, 11 பேரும் ஜெயிச்சாங்க. மே மாசச் சனிக்கிழமைத் தேர்தல்னா ஓட்டுப் போட வர்றவங்க எண்ணிக்கை அவ்வளவு சொற்பம்.

விசா விஷயத்தை அழுத்திச் சொல்றேன், இதைத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க. டிரைவிங் லைசன்ஸ் எடுக்கிறப்போ வாக்காளரா பதியணுமான்னு கேப்பாங்க. "இல்லை"தான். கிரீன் கார்டு வந்த பிறகும் "இல்லை"தான். தெரியாம டிக் பண்ணிட்டா, நாளைக்குக் குடியுரிமைக்கு மனு போடுறப்போ அந்தக் கேள்வி வந்து நிக்கும், நாடு கடத்துற அளவுக்கும் போகலாம். அடுத்தது, எச்-1பியில இருக்கிறவங்க டிரஸ்டி வேட்பாளருக்குக் கூட நன்கொடை கொடுக்கக் கூடாது, பத்து டாலரா இருந்தாலும். கிரீன் கார்டுக்காரங்க கொடுக்கலாம். சம்பளம் வாங்காம நோட்டீஸ் கொடுக்கிறது, கதவு தட்டுறது, அதெல்லாம் தாராளமா செய்யலாம்.

அந்த மனுவை முழுசாப் படிச்சீங்களா? கலிபோர்னியாவுல 2005-06லயும் 2016லயும் ஆறாம் வகுப்பு இந்தியப் பாடத்தை வச்சுப் பெரிய சண்டை நடந்துச்சு. சாதியைப் பத்தி எப்படி எழுதுறது, "இந்தியா"வா "தெற்காசியா"வான்னு. நம்ம பிள்ளைங்களைக் கிண்டல் பண்றாங்கங்கிற உண்மையான வருத்தத்தோட கையெழுத்துப் போட்ட பல பேருக்கு, உள்ளே என்ன திருத்தம் கேட்டிருக்காங்கன்னே தெரியாது. சிந்து, வேதம், மௌரியர், குப்தர்னு போய் முடியுற பாடத்துல சோழனைச் சேர்க்கச் சொல்லி யாராவது மனு கொண்டு வந்தா நான் முதல் ஆளாப் போடுவேன். ரெட்டை டம்ளரை அழிக்கச் சொன்னா போட மாட்டேன். நீங்க உங்க மனசைக் கேட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றிக்கா. ஆறாவதுல உலகப் பண்பாட்டுப் பாடத்தையே எடுக்கப் போறாங்கன்னும் ஒரு மெசேஜ். அது வதந்திதானே?

பதில்:
அது வதந்தி இல்ல. 2025 செப்டம்பர்ல மாநில போர்டு 8-7ன்னு ஓட்டுப் போட்டு ஒரு புதுப் பாடச் சட்டகத்தை (எந்த வகுப்புல என்ன பாடம்கிற வரைவு) ஏத்துக்கிட்டாங்க. டெக்சஸ், அமெரிக்க வரலாறு கூடும், உலகம் குறையும், ஆறாவது உலகப் பண்பாடு தனிப்பாடமா இருக்காது. வகுப்புக்கு வர்றது 2030ல. உங்க பையன் அதுக்குள்ள ஆறாவதைத் தாண்டிடுவான். சின்னது ஏதும் இருந்தா அதுக்குத்தான் கவலை.

இன்னொருத்தர்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. அஜெண்டா மூணு நாளுக்கு முன்னாடியே மாவட்ட இணையதளத்துல வந்துடும், பொருள் எண்ணைப் பார்த்து அதைத் தாள்ல எழுதுங்க. அஜெண்டாவுல இருக்கிற விஷயத்துக்கு உங்களைப் பேச விடணும்கிறது 2019ல இருந்து சட்டம். பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா இட்லி கட்டிக்கிட்டுப் போங்க. நாங்க போன அன்னைக்கு பஸ் ரூட் பத்திப் பேசியே ராத்திரி பத்தரை ஆயிடுச்சு.