இறுதியாண்டுத் திட்டம்: கணினிப் பகுப்பாய்வு மட்டும் போதுமா?

இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டை முடிக்கவிருக்கும் நான், வடிவமைப்புப் பகுப்பாய்வுப் பணிக்குச் செல்ல விரும்புகிறேன். ஆனால் பயிற்சிப் பணிக்கான விண்ணப்பங்களில் ஒன்றுகூட நேர்காணலைத் தாண்டவில்லை. பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ், அவற்றின் வலிமையைக் கணித்துப் பார்க்கும் அன்சிஸ் ஆகிய இரு மென்பொருள்களிலும் பழகியிருக்கிறேன். ஒரு பிராக்கெட்டின் (தாங்குபாகத்தின்) கூரிய உள்மூலையில் மெஷ்ஷை (கணக்கிடுவதற்காகப் பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை) நுணுக்க நுணுக்கத் தகைவு (ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை) நிற்காமல் ஏறிக்கொண்டே போவதையும், அங்கே சிறு வளைவு கொடுத்ததும் அது ஒரு மதிப்பில் நிலைப்பதையும் அறிக்கையாக எழுதி இணைத்தேன். நேர்காணல் செய்தவர்கள் கேட்டதோ, "இதை அளந்து சரிபார்த்தீர்களா?" என்பதுதான் (நியாயமான கேள்வியே). மூத்த மாணவர்களில் சிலர் மென்பொருள் சான்றிதழ் போதும் என்கிறார்கள்; சிலர் முதுநிலைப் பட்டம் இல்லாமல் நுழையவே முடியாது என்கிறார்கள். அடுத்த பருவத் தொடக்கத்தில் திட்டத் தலைப்பைக் கொடுத்தாக வேண்டும். இத்துறையில் பணிபுரிவோர் சொல்லுங்கள்: ஸ்ட்ரெயின் கேஜ் (பாகத்தின் நுண்ணிய நீட்சியை அளக்கும் உணரி) ஒட்டி அளந்து பார்க்கக்கூடிய எளிய பாகம், கணினியில் மட்டுமே முடியும் சிக்கலான பாகம், இவற்றில் எதை எடுத்தால் முதல் வேலைக்கு உதவும்?