கல்யாண வீடியோ எடிட்டிங்: ஐ9-14900கே போடலாமா, ஐ7 போதுமா?

செக்காலை ஸ்டூடியோ
காரைக்குடியில் கல்யாண வீடியோ வேலை. இப்போதுள்ள மெஷின் ஐ5-10400, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060. சாஃப்ட்வேர் பிரீமியர் புரோ. சோனி கேமரா, எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ், 4கே 50பி, 4:2:2 10 பிட். திருப்பூட்டு (தாலி கட்டும்) நேரத்து இரண்டு கேமராவை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலே டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது, சிபியு 100%. கடையில் ஐ9-14900கே போடச் சொல்கிறார்கள். ஐ7-14700-ஐ விட சிபியு மட்டுமே ரூ. 15,000 கூடுதல், லிக்விட் கூலர் தனி. அறை மாடியில், ஏசி கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்குள் வாங்கியாக வேண்டும்.

பிட்ரேட்
அண்ணே, சிபியு 100% ஓடுவதால் அது போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கிராபிக்ஸ் சிப் செய்யவேண்டிய வேலை அதன் தலையில் விழுந்திருக்கிறது. உங்கள் எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் கோப்பு ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கப்பட்டது; 4:2:2 என்றால் 4:2:0-ஐ விட நிற விவரம் கூடுதல். ஹெச்இவிசி 4:2:2 கோப்பை ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகள் டீகோட் செய்யாது (சுருக்கியதை விரித்துக் காட்டாது). என்விடியாவில் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. இன்டெல் டெஸ்க்டாப் சிபியுவின் உள்கிராபிக்ஸில் 11-ஆம் தலைமுறையிலிருந்து உண்டு. உங்களுடையது 10. இரண்டு பக்கமும் தவறிவிட்டது.

காசு கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்: டைம்லைனை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், ஜிபியு. 'வீடியோ டீகோட்' கோடு 0%-இல் படுத்திருக்கும். அதே கேமராவில் 4:2:0-இல் ஒரு நிமிடம் எடுத்துப் போடுங்கள். கோடு எழும்பி, சிபியு இறங்கினால் நோய் இதுதான்.

14700-இலும் 14900கே-யிலும் இருப்பது ஒரே யுஹெச்டி 770 உள்கிராபிக்ஸ். டைம்லைன் ஓட்டத்தில் அந்தப் பதினைந்தாயிரம் கண்ணில் தெரியாது. ஆனால் பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 14700எஃப் சற்று மலிவாகக் கிடைக்கும், அதில் உள்கிராபிக்ஸ் வேலை செய்யாது. உங்களுக்கு அது வீண்.

புது மெஷின் வந்ததும் பயாஸில் 'ஐஜிபியு மல்டி-மானிட்டர்' எனேபிள் செய்து, இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் போடுங்கள். பிரீமியரில் எடிட், பிரிஃபரன்சஸ், மீடியா போய் ஹார்டுவேர் டீகோடிங்கில் இன்டெலுக்கு டிக் அடித்து, மூடித் திறங்கள். தனிக் கார்டு செருகியிருந்தால் பல போர்டுகள் உள்கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். இதைச் செய்யாமல் விட்டால் புது மெஷினிலும் பழைய திக்கல்தான்.

அதுவரை புராக்ஸியில், அதாவது எடிட் செய்ய மட்டும் உருவாக்கும் இலகுவான நகலில் ஓட்டுங்கள். புரோரெஸ் புராக்ஸி, 1920x1080. 50பி-யில் ஒரு மணி நேரக் காட்சிக்குச் சுமார் 34 ஜிபி பிடிக்கும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார்.

தேவகோட்டை வாசி
மாடி அறை, ஏசி இல்லை என்பதைக் கடைக்காரரிடம் சொன்னீர்களா? இந்த முடிவில் பாதி அதில்தான் இருக்கிறது.

இரண்டு சிபியுவிலும் பெரிய கோர் 8. ஐ9-இல் சின்னக் கோர் 16, ஐ7-இல் 12. உச்ச வேகம் ஐ9-இல் 6.0, ஐ7-இல் 5.4 கிகாஹெர்ட்ஸ். அந்த 6.0 வருவது ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும்போது, அதுவும் சிபியு 70 டிகிரிக்குள் இருந்தால்தான். கூலர் காப்பாற்றுவது அறைச் சூட்டுக்கும் சிபியு சூட்டுக்கும் உள்ள இடைவெளியை. 24 டிகிரி அறையில் 86-இல் நிற்கும் சிபியு, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறை 38 ஆனால் 100-ஐத் தொடும். அந்த இடத்தில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்த வேகம் வெயிற்காலம் முழுக்கக் கிடைக்காது.

ஐ7 எடுத்தாலும் டர்போவில் 219 வாட் வரை இழுக்கும் (ஐ9 என்றால் 253). பயாஸில் லாங், ஷார்ட் இரண்டு பவர் லிமிட்டையும் 125 வாட்டில் நிறுத்துங்கள். வாட் கிட்டத்தட்ட பாதியாகும், வேகம் பாதியாகாது. நல்ல இரட்டை டவர் ஏர் கூலர் போதும். லிக்விட் கூலர் போல பம்ப் பழுதாகுமோ என்ற கவலையும் இல்லை.

இன்னொன்று முக்கியம். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுக்களில் மின்னழுத்தம் கூடிப்போய்ச் சில்லு நாளடைவில் கெடும் கோளாறு 2024-இல் பெரிய பிரச்சினையானது. திருத்தம் பயாஸ் அப்டேட்டில் வருகிறது: மைக்ரோகோட் (சிபியுவுக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தியது. விண்டோஸ் போடும் முன்பே அப்டேட் செய்துவிடுங்கள். இன்டெல் வாரண்டியை 2 ஆண்டு நீட்டியிருக்கிறது, ஆகவே சீல் பெட்டியாக வாங்கி பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியில்லாமல் வரும் டிரே சிபியு வேண்டாம்.

கானாடுகாத்தான் வரைபடம்
இடையில் ஒரு சந்தேகம். செட்டிநாட்டு வீடுகளை 3டி மாடலாக்கி, மாடலைப் படமாக்கும் கொரோனா ரெண்டரர் சாஃப்ட்வேரில் போடுகிறோம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தூண் தூணாக வரும். எங்களுக்கும் ஐ7 போதுமா?

பிட்ரேட்
உங்கள் கணக்கு வேறு. கொரோனா சிபியுவில் ஓடுவது. எத்தனை கோர் கொடுத்தாலும் அத்தனையையும் தின்னும். நீங்கள் ஏஎம்டியின் ரைசன் 9 9950எக்ஸ் பாருங்கள், 16 முழுக் கோர். கோர் கணக்குப்படி 12 கோர் 9900எக்ஸில் 8 மணி நேரமாகும் ரெண்டர் இதில் சுமார் 6. ஆனால் மாலை 7-க்குப் போட்டு எழுந்து பார்ப்பதுதான் வழக்கம் என்றால் அந்த 2 மணி நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பகலில் வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து 'தரை ஆத்தங்குடி கல் மாற்றிக் காட்டுங்கள்' என்று கேட்கும் தொழிலாக இருந்தால் கொடுக்கலாம், தப்பே இல்லை.

முதலில் ரேம் பாருங்கள். ரெண்டரின்போது மெமரி நிரம்பி டிஸ்கில் எழுத ஆரம்பித்தால் எந்த சிபியுவும் காத்துத்தான் கிடக்கும். 96 ஜிபி வேண்டுமானால் 48 ஜிபி இரண்டு குச்சி. நான்கு குச்சி செருகினால் அந்த ரைசனில் அதிகாரபூர்வ ரேம் வேகம் 5600-லிருந்து 3600-க்கு இறங்கும். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஈகோ மோடில் 105 வாட் வையுங்கள், வெயிலுக்கு அது தாங்கும்.

செக்காலை ஸ்டூடியோ
சோதித்தேன். 4:2:2-இல் வீடியோ டீகோட் 0%, 4:2:0-இல் கோடு எழும்புகிறது, சிபியு பாதிக்குக் கீழ். ஐ7-14700 என்று முடிவு. மிச்சப் பணத்தில் எதை வாங்கட்டும்? யுபிஎஸ் பழைய 600 விஏ.

தேவகோட்டை வாசி
32 ஜிபி இரண்டு குச்சி ரேம், மீடியா கேஷுக்கு (பிரீமியரின் தற்காலிகக் கோப்புகளுக்கு) மட்டும் தனி 1 டிபி என்விஎம்இ டிஸ்க். அடுத்து யுபிஎஸ்தான். 600 விஏ என்பது வழக்கமாக 360 வாட். சிபியு 125, 3060-க்கு 170, மானிட்டர், டிஸ்க் எல்லாம் சேர்ந்தால் விளிம்பு. 1,000 விஏ, பியூர் சைன் வேவ் எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் சதுர அலை வந்தால் இன்றைய பவர் சப்ளைகள் சில கரண்ட் மாறும் கணத்திலேயே ரீஸ்டார்ட் ஆகும். வாங்கிய அன்றே புராஜெக்டை சேவ் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட் ஓடும்போது யுபிஎஸ்ஸின் சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். மெஷின் நின்றால் மறுநாளே கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.