காப்பி என்றால் தனிப் பிரதியா, பங்கா? லினக்ஸின் மையமான கெர்னல் அதைச் சொல்ல வேண்டாமா?

பாம்பன்_வாடை:
மண்டபத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பருக்குப் போன வாரம் டிஸ்க்கில் பேட் செக்டர் (படிக்க முடியாமல் பழுதான இடம்) விழுந்தது. எக்ஸ்எஃப்எஸ் (லினக்ஸின் ஒரு ஃபைல்சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) டிஸ்க். ஒரே ஃபைலை இரண்டு ஃபோல்டரில் வைத்திருந்தார், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று. இரண்டும் அதே நிமிடக் காட்சியில் நின்றுவிட்டன. லினக்ஸின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான கோர்யூட்டில்ஸ் 9.0 (2021) முதல், காப்பி எடுக்கும் சிபி கட்டளை முடிந்த இடத்திலெல்லாம் ரீஃப்ளிங்க்தான் போடுகிறது: டேட்டாவைத் திரும்ப எழுதாமல் இரண்டு ஃபைலும் அதே பிளாக்குகளைப் பங்கு போட்டுக்கொள்ளும். பிளாக் ஒன்று, பெயர் இரண்டு. ஒரு வள்ளத்தில் இரண்டு பெயர் எழுதினால் இரண்டு வள்ளம் ஆகிவிடுமா?

ரீஃப்ளிங்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. லினக்ஸ் 4.5ல் (2016) வந்த எஃப்ஐகுளோன் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் ஓர் அழைப்பு) தெளிவானது: பங்கு போடும், முடியாவிட்டால் பிழை தரும். அதே 4.5ல் வந்த காப்பி_ஃபைல்_ரேஞ்ச் என்ற இன்னொரு கால் பங்கும் போடலாம், நிஜமாக எழுதவும் செய்யலாம், எதைச் செய்தது என்று மட்டும் சொல்லாது. இது எனக்கு ஒப்பவே இல்லை.

கீழக்கரை_கோடு:
அண்ணே, ஒரே டிஸ்க்கில் இரண்டு பிரதி என்றைக்குமே பேக்கப் கிடையாது, அந்தப் பழியை கெர்னல் மேல் போடாதீர்கள். நான் வளைகுடாவில் எடுத்த பவளப்பாறை வீடியோக்களை எடிட் பண்ணுமுன் ஃபோல்டரோடு காப்பி எடுப்பேன், ஒரு நொடி வேலை. எப்படிக் காப்பி எடுப்பது என்பது ஃபைல்சிஸ்டத்துக்குத்தான் தெரியும். நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் என்எஃப்எஸ் 4.2 என்றால் டேட்டா நெட்வொர்க்கில் வந்து போகாமல் சர்வரிலேயே முடிகிறது. எஃப்ஐகுளோனே பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டத்தின் சொந்த ஐஆக்டில் (எண்ணிட்ட தனிக் கட்டளை), அந்த எண்ணைக்கூட மாற்றாமல் பொதுவாக்கியது. நிரல் எழுதுகிறவன் ஒவ்வொரு ஃபைல்சிஸ்டத்துக்கும் தனி வழி எழுதிக்கொண்டிருந்த காலம் திரும்ப வேண்டாம்.

தொண்டி_டிபிஏ:
பேக்கப்பை விடுங்கள், இடத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. எக்ஸ்எஃப்எஸ் மாதிரி அதே இடத்திலேயே எழுதும் ஃபைல்சிஸ்டத்தில், பங்கு போடாமல் ஏற்கெனவே எழுதி முடித்த ஃபைலின் மேல் திரும்ப எழுதினால் இடம் போதவில்லை என்று வராது, டேட்டாபேஸ் அதை நம்பித்தான் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிறது. பங்கு போட்ட பிளாக்கில் எழுதினால் புது பிளாக் வேண்டும், டிஸ்க் நிறைந்திருந்தால் கிடைக்காது. அதுவும் எம்மேப் வழியாக (ஃபைலை நினைவகம் போலவே காட்டி) எழுதினால் பிழை எண்கூட வராது, சிக்பஸ் என்ற சிக்னல் வந்து ப்ராசஸே செத்துப்போகும்.

கீழக்கரை_கோடு:
அதற்குத்தான் முன்கூட்டியே இடம் பிடிக்கும் ஃபாலோகேட் காலில் பங்கைப் பிரிக்கும் ஃப்ளாக் (விருப்பக் குறி) இருக்கிறதே.

தொண்டி_டிபிஏ:
எக்ஸ்எஃப்எஸ்ஸில் இருக்கிறது தம்பி, பிடிஆர்எஃப்எஸ்ஸில் இல்லை. ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாததைப் பொது இன்டர்ஃபேஸ் என்று எப்படி நம்புவது?

பாம்பன்_வாடை:
வாக்கு தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று. லினக்ஸ் 5.3ல் (2019) வேறு வேறு ஃபைல்சிஸ்டங்களுக்கு நடுவிலும் காப்பி_ஃபைல்_ரேஞ்ச் கால் ஓடட்டும் என்று திறந்துவிட்டார்கள். கெர்னல் தன் தகவலை ஃபைல்களாகக் காட்டும் ப்ராக் மாதிரி இடங்களில் ஃபைல் அளவு பூஜ்ஜியம் என்று காட்டும், உள்ளே டேட்டா இருக்கும். காப்பி வெறுமையாக வந்தது, பிழையும் வரவில்லை. 5.19ல் (2022) திரும்ப இறுக்கினார்கள். அந்தக் காலின் கடைசி அளவுரு ஃப்ளாக்ஸ், இன்றைக்கும் பூஜ்ஜியம் மட்டும்தான் தர முடியும். இடம் காலியாகத்தானே கிடக்கிறது, 'பங்கு வேண்டாம்' என்று ஒரு ஃப்ளாக் வைத்தால் என்ன?

கீழக்கரை_கோடு:
ஃப்ளாக் வரட்டும், எதிர்க்கவில்லை. ஆனால் அது ஃபைல்சிஸ்டம் தரும் வாக்கு மட்டும்தான், கீழே சாதனம் தன் பங்குக்கு டூப்ளிகேட்டை ஒன்றாக்கினால் கெர்னலுக்கே தெரியாது. அப்புறம், ஃப்ளாக் கொடுக்காதபோது பங்காகவே இருக்க வேண்டும்.

பாம்பன்_வாடை:
அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்காதபோது தனிப் பிரதி, கேட்டால் பங்கு. மண்டபத்து நண்பருக்கு இப்போதைக்கு சிபியை ரீஃப்ளிங்க்=நெவர் (பங்கு வேண்டாம்) என்று ஏலியாஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இரண்டாவது டிஸ்க்கும் வாங்கச் சொல்லிவிட்டேன்.