பாலிப் ரிப்போர்ட்டில் "லோ கிரேடு டிஸ்பிளேசியா" என்று இருக்கிறது, இது கேன்சரா?

வழிப்போக்கன்:
அப்பாவுக்கு 61 வயது. மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்றே நம்பி மூன்று மாதம் ஏதேதோ லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக இழுத்துக்கொண்டு போய் கொலனாஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பார்த்ததில் பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில் காம்போடு ஒரு பாலிப், அதாவது சதை வளர்ச்சி, 12 மி.மீ. கம்பிச் சுருக்கு போட்டு அப்போதே எடுத்துவிட்டார்கள். நேற்று பயாப்ஸி ரிப்போர்ட் கையில் வந்தது: "டியூபுலர் அடினோமா வித் லோ கிரேடு டிஸ்பிளேசியா, ஸ்டாக் மார்ஜின் ஃப்ரீ". டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். கூகுளில் தேடினால் டிஸ்பிளேசியா கேன்சருக்கு முந்தைய நிலை என்கிறது, அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அப்புறம், இத்தனூண்டு துண்டுக்கு ரிப்போர்ட் வர ஏன் ஆறு நாள்?

மெழுகுக்கட்டி:
பேத்தாலஜி லேபில் 14 வருடமாக டெக்னீஷியன், டாக்டர் இல்லை. முதலில் ஒன்று, டிஸ்பிளேசியா என்றால் செல்கள் இயல்பு மாறியிருப்பது, லோ கிரேடு என்றால் அந்த மாற்றம் லேசானது. அடினோமா என்கிற வகைப் பாலிப் என்றாலே அதில் லோ கிரேடு டிஸ்பிளேசியாவாவது இருக்கும், அது இல்லாவிட்டால் அதற்கு அடினோமா என்றே பெயர் வைக்க மாட்டார்கள். அதனால் ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை புதிதாக எந்தக் கெட்ட செய்தியும் சொல்லவில்லை.

ஆறு நாள் கணக்கு இதுதான். துண்டு கெடாமலிருக்க ஃபார்மலின் என்கிற திரவத்தில் நன்றாக ஊற வேண்டும். காம்புள்ள பாலிப்பைத் தலையும் காம்பும் ஒரே துண்டில் தெரிகிற மாதிரி நெடுக்காக வெட்டுவோம், காளானைப் பாதியாக அரிகிற மாதிரி. பிறகு ஆல்கஹாலில் தண்ணீரை வாங்கி, மெழுகு ஏற்றி, கட்டியாக்கி, 4 மைக்ரான் அளவுக்குச் சீவினால் ரிப்பன் போல வரும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தி எடுக்கவேண்டும், மின்விசிறி ஓடினால் அவ்வளவுதான், பறந்துவிடும். சாயம் போட்டால் கரு நீலம், மற்றது இளஞ்சிவப்பு. அடினோமாவில் கருக்கள் பென்சில் மாதிரி நீண்டு நெருக்கியடித்து நிற்கும். குடலின் உள்தோலுக்கு அடியில் மெல்லிய தசைப் படலம் ஒன்று உண்டு, மஸ்குலாரிஸ் மியூகோஸா. செல்கள் அதைத் தாண்டி அடியில் இறங்கியிருந்தால்தான் பெருங்குடலில் பரவக்கூடிய கேன்சர் என்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் இல்லை, காம்பை வெட்டிய இடமும் சுத்தம்.

கோமதி_அக்கா:
தம்பி, பயப்படாதே, ஆனால் பாட்டில் விஷயத்தில் உஷாராக இரு. என் மாமியாருக்கு மூன்று இடத்தில் எடுத்த பாலிப்பை ஒரே பாட்டிலில் போட்டு, "லேபில் கொடுத்துவிடுங்கள்" என்று என் கையில் திணித்தார்கள். ஒன்று மட்டும் ஹை கிரேடு, அதாவது மாற்றம் தீவிரம் என்று வந்தது, அது எந்த இடத்துப் பாலிப் என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு துண்டுக்காக முழுக் குடலையும் மறுபடி பார்த்தோம், மறுபடியும் பேதி மருந்து, மறுபடியும் பட்டினி. மருத்துவமனைப் பெயர் வேண்டாம், விடு. இடத்துக்கு ஒரு பாட்டில், ஒவ்வொன்றிலும் லேபிள், இதைக் கேட்டு வாங்குவதில் வெட்கமே வேண்டாம்.

குடல்வைத்தியன்:
மெழுகுக்கட்டி சொன்னது சரி. நான் சேர்ப்பது இரண்டு. 10 மி.மீ.க்குக் கீழே ஒன்றிரண்டு சாதாரண அடினோமா என்றால் 2020 அமெரிக்க வழிகாட்டுதலில் அடுத்த கொலனாஸ்கோபி 7 முதல் 10 வருடம் கழித்துத்தான். உங்கள் அப்பாவுடையது 12, அதனால் 3 வருடம். இது முழுசாக வந்த பாலிப் என்பதால்தான் ரிப்போர்ட்டை இவ்வளவு நம்புகிறோம். பெரிய கட்டியின் மேல்தோலில் கிள்ளி எடுத்த துண்டில் "அடினோமா" என்று வந்தால் நான் நிம்மதியாக இருக்க மாட்டேன், அடியில் வேறு ஏதாவது இருக்கலாம்.

இரண்டாவது, உங்கள் வயது என்ன? பெற்றோருக்கு 10 மி.மீ.க்கு மேல் அடினோமா இருந்தால் பிள்ளைகளுக்கு 40 வயதிலிருந்தே பரிசோதனை தொடங்கச் சொல்கிறார்கள்.

வழிப்போக்கன்:
எல்லோருக்கும் நன்றி. எனக்கு 39, அக்காவுக்கு 43. அக்காவுக்கு இப்போதுதான் போன் போட்டேன், "எனக்கு மூலம்தான்டா" என்றாள்.