300 சொல் கட்டுரையும் அத்தை வீடும்

செங்கல்சூளை:
2024 மே 19, புனே கல்யாணி நகர். 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். அன்றே ஜாமீன், சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னது சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம். ஊர் கொதித்ததும் சிறாரை அடைத்துவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் வைத்தார்கள். ஜூன் 25 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் வெளியே விட்டு அத்தையிடம் ஒப்படைத்தது. இதற்குப் பெயர் மேற்பார்வையாம்!

மாடத்தெரு:
ஜாமீனையும் தண்டனையையும் குழப்புகிறீர்கள், ஐயா. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி சிறாரை வெளியே விடுவதுதான் விதி, அடைப்பது விலக்கு. நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையிலும் விடலாம். ஜாமீன் பெற்றவனை மறுபடி உள்ளே வைத்ததைத்தான் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது.

செங்கல்சூளை:
பையனின் ரத்த மாதிரியை மாற்றிய வழக்கில் பெற்றோரே கைதானார்கள். அந்தக் குடும்பத்திடமே ஒப்படைப்பதா? வேலிக்கு ஓணான் சாட்சி.

மாடத்தெரு:
அப்பா, அம்மா, தாத்தா மூவரும் காவலில் இருந்ததால்தானே அத்தை! பையனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கக் கேட்ட போலீஸ் மனுவையும் 2025 ஜூலையில் குழுமம் தள்ளிவிட்டது.

பழைய கோப்பு:
நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை நன்னடத்தையின்பேரில் விடலாம். நடப்பது என்ன? பையன் கையெழுத்துப் போட வருவான். கூடவே அம்மா, அன்றைய சித்தாள் கூலியை விட்டுவிட்டு. "ஒழுங்காக இருக்கிறாயா?" "இருக்கிறேன் சார்." இரண்டு நிமிடம், பதிவேட்டை மூடிவிடுவோம்.

செல்போன் திருடிய ஒருவனைத் தேடி ஒருமுறை நேரிலேயே போனேன். பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. முதலாளிக்கு எதுவும் தெரியாது. "மாமா வந்திருக்கிறேன்" என்றேன். "வாங்க மாமா, டீ சாப்பிடுங்க" என்றான். அரை மணி நேரம் பேசினோம். கடன் தொல்லை, தங்கையின் படிப்பு, பழைய கூட்டாளிகள் இரவில் வந்து கூப்பிடுவது எல்லாம் அன்றுதான் வெளியே வந்தன. பதிவேட்டில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

செங்கல்சூளை:
பரோட்டாக் கடைப் பையனுக்கு நான் எதிரி அல்ல, ஐயா. அவனை விட்டது சரி. இரண்டு உயிர் போன வழக்கில் அந்த அத்தை வீட்டுக்கு மேற்பார்வைக்காக யார் போனார்கள், எத்தனை முறை போனார்கள் என்று சொல்லுங்கள். பிறகு பேசுவோம்.