பழைய போர்தோ ஒயின்: எதை முதலில் திறப்பது?

வணக்கம். வரும் சனிக்கிழமை பாரிஸில் எங்கள் வீட்டில் ஆறு பேர் கூடுகிறோம். பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் 1982, 1990, 1996, 2005 ஆண்டுகளில் அறுவடையான திராட்சையில் செய்த நான்கு சிவப்பு ஒயின்கள். கடைசியில் சீஸோடு 2001 சோத்தேர்ன் என்ற இனிப்பு வெள்ளை ஒயின். வண்டல் அடியில் தங்கட்டும் என்று சிவப்பு பாட்டில்களை இப்போதே நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

குழப்பம் வரிசையில்தான். இளசிலிருந்து பழசுக்குப் போனால் 2005இன் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டு 1982இன் மென்மையை மறைத்துவிடாதா? அப்புறம், 2005ஐ டிகாண்டரில் (ஒயினில் காற்றுப்பட வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி இரண்டு மணி நேரம் விடலாம், சரி. 1982ஐ அப்படி விட்டால் மணம் பறந்துவிடுமே! குடிக்கும் நேரத்தில் திறந்தால் போதுமா?

போன தடவை ஒரு பழைய கார்க் பாதியில் பொடிந்து, காபி வடிகட்டியில் வடித்துக் குடித்தோம். இருபுறமும் தகடு செருகி உருவும் திறப்பான் பழைய கார்க்குக்கு நல்லது என்கிறார்கள். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன்.