பிசுக்குப் பிடிக்காமல் எளிதில் துடைக்கக்கூடிய சமையலறையை எப்படி அமைப்பது?

நொய்யல்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டுக்கு அருகே வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் எழுப்பிக் கூரையும் போட்டாயிற்று. பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. சமையலறை தென்கிழக்கு மூலையில், 10 அடிக்கு 8 அடி. கிழக்குச் சுவரில் ஒரு சன்னல் இருக்கிறது. வடக்கே பாத்திரம் துலக்குவதற்குச் சிறிய பின்கட்டு இருக்கிறது. நாள்தோறும் தாளிப்பு உண்டு, வடை, அப்பளம் என்று எண்ணெய்ச் சட்டியும் அடிக்கடி ஏறும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். மாமியாருக்கு முழங்கால் வலி இருப்பதால் குனிந்தோ, முக்காலியில் ஏறியோ துடைக்க அவரால் இயலாது. நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம்.

அலமாரிக் கதவின் நிறத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இரவுச் சமையல் முடிந்ததும் ஓர் ஈரத்துணியால் எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் படுக்கச் செல்ல வேண்டும், அவ்வளவுதான். மேடைக்கு எந்தக் கல் நல்லது, டைல்ஸ் எவ்வளவு உயரம் போக வேண்டும், மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகளா மர அலமாரியா, சிம்னி உண்மையிலேயே உதவுமா என்பவற்றோடு, பூச்சுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை எவை என்றும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தூக்குக்குண்டு

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. நான் கட்டடப் பொறியாளன். துடைக்கச் சிரமமான சமையலறைகளில் பொருளின் தரம் குறைவாக இருப்பதைவிட, இணைப்புகளும் விளிம்புகளும் நீர் தேங்கும் இடங்களும் அதிகமாக இருப்பதையே காண்கிறேன். தாளிக்கும்போது எழும் எண்ணெய்த் துளிகள் சுற்றியுள்ள பரப்புகளில் படிகின்றன. அவற்றின்மேல் தூசு ஒட்டிப் பிசுக்காகிறது. சமதளத்தில் இருக்கும் பிசுக்கைத் துணியால் வழித்துவிடலாம். இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடுக்கில் புகுந்ததைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் மேடையும் சுவரும் சேரும் இடத்தைப் பாருங்கள். மேடைக் கல்லிலேயே நாலு அங்குலப் பட்டை வெட்டிச் சுவரோரம் நிறுத்தி, அதற்கு மேலே டைல்ஸ் ஒட்டுவது நம் மேஸ்திரிகளின் வழக்கம். பட்டை டைல்ஸைவிட முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதால், சுவர் நீளத்துக்கும் ஒரு மெல்லிய திண்டு உண்டாகி எண்ணெயும் தூசும் அதில் குடியிருக்கும். பட்டையே வேண்டாம். டைல்ஸை மேடைக் கல்மீது நேராக இறக்கி, சந்திப்பைப் பூஞ்சை பிடிக்காத சிலிக்கானால் அடைக்கச் சொல்லுங்கள். 2 அடிக்கு 4 அடி அளவுள்ள பளபளப்பான டைல்ஸ் என்றால் இடையிலுள்ள இணைப்புக் கோடுகள் குறையும். மற்ற இடங்களில் லாஃப்ட் வரையிலும், அடுப்புக்குப் பின்னால் கூரை வரையிலும் அது ஏறட்டும். கோடுகளில் வெள்ளை சிமெண்ட் போட்டால் அது மஞ்சளை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எந்தச் சோப்பும் அதை எடுக்காது. அதற்குப் பதிலாக நிரப்பும் எப்பாக்சி என்ற பிசின் கலவை விலை கூடுதல்தான். ஆனால் நீரையும் எண்ணெயையும் உறிஞ்சாது. எல்லா இடத்துக்கும் கட்டுப்படியாகவில்லை என்றால், அடுப்புச் சுவரிலும் சிங்க்கைச் சுற்றியும் மட்டுமாவது போடுங்கள். இறுகுவதற்குள் டைல்ஸைத் துடைத்துவிடத் தெரிந்த, பழகிய ஆளிடமே அந்த வேலையைக் கொடுங்கள்.

பூச்சுக்கு முன் முடிவாக வேண்டியவற்றில் முக்கியமானது குழாய். உப்பு நீர் வரும் வீட்டில் மேடைமீது நிற்கும் குழாயைத் தவிர்த்து, சுவரிலிருந்து நீண்டு வரும் குழாயை வையுங்கள். மேடைமீது நிற்பதன் அடியில் எப்போதும் ஈரம் தங்கி, வெள்ளை வளையமாக உப்பு இறுகிவிடும். இதற்கான பாதையை இப்போதே சுவரில் வெட்ட வேண்டும். சிங்க் மேடைக்கு அடியிலிருந்து பொருத்தப்பட்டால், விளிம்பு தடுக்காமல் மேடையிலுள்ள துணுக்குகளை நேராக அதற்குள் தள்ளிவிடலாம். மேடைக் கல்லின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு மெல்லிய பள்ளக்கோடு அறுக்கச் சொல்லுங்கள். விளிம்பில் வழியும் நீர் அலமாரிப் பக்கம் செல்லாமல் அந்தக் கோட்டிலேயே சொட்டிவிடும்.

சிம்னி உதவும், ஆனால் அதன் குழாய் குறுகியதாகவும் வளைவு குறைந்ததாகவும் இருந்து வெளிச்சுவரைத் தாண்டிச் செல்ல வேண்டும். புகையை வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகையை நம் சமையலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 6 அங்குலக் குழாய்க்கான துளையை இப்போதே விட்டுவிடுங்கள். அடுப்பைச் சன்னலுக்கு நேர் கீழே வைக்க வேண்டாம்: காற்று சுடரை அலைக்கும், கம்பிகளிலும் கொசுவலையிலும் எண்ணெய் ஏறும். வலையைக் கழற்றிக் கழுவக்கூடிய சட்டத்தில் போடுங்கள்.

மஞ்சள்கிழங்கு

மேலே உள்ளவர் சொன்னதோடு கல்லைப் பற்றிச் சேர்க்கிறேன். பளிங்கை நினைத்தே பார்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, தயிர் எது சிந்தினாலும் அந்த அமிலம் பளிங்கின் மெருகை அரித்து மங்கலான திட்டை விட்டுச் செல்லும், அதைத் துடைத்து நீக்க முடியாது. வெண்ணிறச் செயற்கைக் கல் அழகுதான், ஆனால் மஞ்சள்தூளைக் கண்டு அஞ்சி அஞ்சிச் சமைக்க வேண்டியிருக்கும். கிரானைட்தான் நம் சமையலுக்குத் தாங்கும். ஆனால் எல்லோரும் வாங்கும் முழுக் கறுப்பை உங்கள் ஊர் நீருக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்: உலர்ந்த ஒவ்வொரு துளியும் அதில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், நன்றாகத் துடைத்த பிறகும் அழுக்காகவே தோன்றும். சாம்பலும் கறுப்பும் கலந்த பொடிப்புள்ளிக் கல் அதே உறுதியோடு இருக்கும், உப்புக் கறையையும் உறுத்தாமல் காட்டும்.

1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சிறு சமையலறை, ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. காய் நறுக்கும் பலகையிலேயே கழிவை வழித்துத் தள்ளுவதற்கு, வெளியே எடுத்துக் கொட்டக்கூடிய ஓர் இழுப்பறையை அவர் வைத்திருந்தார். நம் வீடுகளில் குப்பைக்கூடை அறையின் மறுமூலையில் இருக்க, தோலும் காம்பும் மேடையிலேயே குவிந்து கிடக்கின்றன. நறுக்கும் இடத்துக்கு நேர் கீழே கூடைக்கு இடம் ஒதுக்குங்கள், மேடை பாதி துடைத்தது போலாகிவிடும்.

மேல் அலமாரிகளைக் கூரை வரை கொண்டுசெல்லுங்கள். இடைவெளி விட்டால் அலமாரியின் தலையில்தான் பிசுக்கு மிகுதியாகச் சேரும், உங்கள் மாமியாரால் அங்கே ஏற முடியாது. மேடைக்குக் கீழே, என் கருத்தில், கடப்பா கல் தட்டுகளே போதும். நீர் பட்டாலும் ஊறி உப்பாது, கரையானும் அரிக்காது.

உளிச்சத்தம்

கடப்பா கல் பற்றி எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. நான் தச்சு வேலை செய்பவன் என்பதால் மரத்தின் பக்கம் பேசுவதாக நினைக்க வேண்டாம். கல் ஊறாது என்பது உண்மை. ஆனால் தட்டைச் சுவருக்குள் செருகிச் சிமெண்டால் பூசும் இடத்தில் நாளடைவில் மயிரிழை விரிசல் விழுகிறது, கரப்பான் அங்கேதான் முட்டையிடுகிறது. தட்டின் ஆழம் இரண்டடி என்பதால், பின்வரிசை டப்பாவை எடுக்கவோ அதன் பின்னால் துடைக்கவோ தரையில் உட்கார்ந்து தலையை உள்ளே நுழைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இழுப்பறைதான் ஏற்றது. பொருள் தானாக வெளியே வரும்.

இழுப்பறையில் கம்பிக் கூடை வேண்டாம். கம்பிகள் பற்றவைக்கப்பட்ட ஒவ்வொரு மூலையிலும் அழுக்கு இறுகும், சிந்திய பருப்பும் கீழே விழுந்து மறையும். மழமழப்பான அடிப்பலகையும் மூடிய பக்கங்களும் உள்ள இழுப்பறையை ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். ப்ளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை (நீரைத் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரக்குறி) உள்ளதாக இருக்கட்டும், அறுத்த விளிம்பு ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. சிங்க்குக்கு அடியில் மட்டும் மரமே வேண்டாம். அலுமினியக் கதவு போட்டு, உள்ளே தரை டைல்ஸையே தொடருங்கள்.

அலமாரியைப் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தி முன்னால் ஒரு பட்டை அடித்து மறைக்கிறார்களே, அந்தப் பட்டைக்குப் பின்னாலுள்ள இருட்டை யாரும் பெருக்குவதில்லை. அதற்குப் பதிலாக 4 அங்குலச் செங்கல் பீடம் கட்டித் தரை டைல்ஸையே அதன் முகத்திலும் ஒட்டி, அதன்மேல் அலமாரியை உட்கார வையுங்கள். தரையில் நீர் ஊற்றிக் கழுவினாலும் மரத்தைத் தொடாது.

நொய்யல்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. பீடம், சுவர்க் குழாய், சிம்னித் துளை மூன்றையும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கேஸ் சிலிண்டரைப் பின்கட்டுக்குக் கொண்டுசெல்லலாமா? அதன் இரும்பு வளையம் தரையில் துருக் கறையை விடுகிறது. வெட் கிரைண்டரை எங்கே வைப்பது?

தூக்குக்குண்டு

சிலிண்டரைப் பின்கட்டில் வைக்கலாம், ஆனால் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தில் தங்கும். ஆகவே கூண்டு கட்டினால் அதன் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும், அருகில் சாக்கடைத் துளை இருக்கக் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சுவரைத் தாண்டிச் செல்லும் இணைப்பை எரிவாயு முகவரின் ஆள்களைக் கொண்டே செய்யுங்கள். துருக் கறைக்குச் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தாங்கி போதும். நகர்த்திப் பெருக்கவும் வசதி.

கிரைண்டருக்குப் பின்கட்டில், சிலிண்டருக்கு எதிர்ப்பக்கம், மேடையைவிடத் தாழ்வாக ஒரு கல் திண்டு கட்டி, அதன் அருகிலேயே குழாயும் வடிகாலும் கொடுங்கள். மாவு வழிந்தாலும் அங்கேயே கழுவிவிடலாம், கல்லைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பின்கட்டுத் தரைக்கு 8 அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் சரிவு வேண்டும். டைல்ஸ் ஒட்டிய கலவை இறுகியதும், கோடுகளை நிரப்பும் முன்பு, மேஸ்திரி உடன் இருக்கும்போதே ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். எங்கேனும் தேங்கினால் அந்த டைல்ஸை மட்டும் அப்போதே பெயர்த்து மாற்றச் சொல்லலாம்.

மேடைக் கல்லை ஏற்றும் முன் உங்கள் மாமியாரை அழைத்துச் சென்று உயரம் பாருங்கள். பொதுவாக 32 முதல் 34 அங்குலம் வைப்பார்கள். அவர் தோளைத் தூக்காமலும் முதுகை வளைக்காமலும் உள்ளங்கையை வைத்துத் துடைக்க முடிகிற உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள்.